சந்தை நகரத்துக்குக் கொண்டுபோன மாலை

லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் மீன் வாங்கிக்கொண்டு நிற்கும்போது இங்கிலாந்திலிருந்து அண்ணியின் போன் வந்தது.

"தம்பி, அண்ணைக்குக் கொஞ்சம் கடுமை. உடனை வெளிக்கிட்டு வாங்கோ."

எங்கள் ஆட்கள் செத்த செய்தியைப் போனில் சொல்வதில்லை. ‘கடுமை’ என்பார்கள், மிச்சத்தைக் கேட்பவன் விளங்கிக்கொள்ள வேண்டும். நானும் விளங்கிக்கொண்டேன். மீனை அங்கேயே விட்டுவிட்டு பக்கத்து ரூ காய் தெருவில் மாலை கட்டும் கடைக்கு ஓடினேன்.

"கலியாணமோ அண்ணை?" என்றார் கடைக்காரர்.

"ஓம், எனக்குத்தான்."

பயம் வந்தால் என் வாய் என்னைக் கேட்காமல் ஓடும். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் செத்தவீட்டு மாலையை எடுத்துத் தந்தார்.

அண்ணை இருந்தது இங்கிலாந்தில் ஒரு சின்னச் சந்தை நகரம்; அங்கே கடை வைத்திருந்த ஒரே தமிழர் அவர்தான். போன் எடுத்தால் ஊரின் சரித்திரம்தான்: சந்தை கூட்ட உரிமை கொடுத்த அரசன், கம்பளியை நிறுத்து விற்ற கல்மண்டபம். குழாய் வெடித்துவிட்டது என்று பொய் சொல்லித்தான் நான் போனை வைப்பேன்.

நான் போய் இறங்கியது சந்தை நாள். தேன் நிறக் கல்வீடுகள், பாற்கட்டிக் கடைகள், தேவாலய மணி. அழகான ஊர்தான். கறுப்புக் கோட்டோடு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அதற்குள்ளால் ஓடினேன். அண்ணி கதவைத் திறந்ததும், மாலையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் பாய்ந்தேன்.

யன்னலோரக் கட்டிலில் அண்ணை கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தார். புற்றுநோய் தின்று மிச்சம் வைத்த எலும்பு.

"ஆருக்கடா மாலை?"

பின்னால் மறைத்தேன். மாலை என்னைவிட அகலம்.

"மந்திரிமார் ஆரும் வருவினமோ எண்டு..."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவில்லை. எனக்கு வாசலைத் தாண்டிக் கால் போகவில்லை.

"சந்தை ஓரத்திலை குழிவிழுந்த கல்லொண்டு கிடக்கு, பாத்தனியோ? கொள்ளைநோய்க் காலத்திலை வெளியாக்கள் சாமானை அந்தக் கல்லடியிலை வைச்சிட்டுத் தள்ளி நிப்பினமாம். குழிக்குள்ளை வினாகிரி, புளிக்காடி. காசை அதிலை கழுவித்தான் தொடுவினமாம்." மூச்சு வாங்கினார். "நீயும் அப்பிடித்தான் நிக்கிறாய். கிட்ட வாடா. இது ஒட்டுற வருத்தமில்லை."

மாலையைக் கதிரையில் போட்டுவிட்டுக் கட்டில் விளிம்பில் குந்தி அவர் கையைப் பிடித்தேன். சூடாக இருந்தது. எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை.

கீழே சந்தைக் கடைகளைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். இரும்புக் கம்பிகள் விழும் சத்தம். அண்ணை இன்னோர் அரசனைத் தொடங்கி, அவன் முடிசூடுவதற்குள் நித்திரையாகிவிட்டார். நான் சந்தையைப் பார்க்கவில்லை. போர்வை ஏறி இறங்குகிறதா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.