மருத மரத்துப் பாறுகள்

போன வாரம் சரவணம்பட்டிக்குப் போகிற வழியில் ஓர் எருமை செத்துக் கிடந்தது. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டோம். பக்கத்தில் இருந்த பெண் கைக்குட்டையில் சென்ட் தெளித்து எனக்கும் நீட்டினாள். நல்ல பெண். "அப்பல்லாம் இதுக்குப் பாறு வந்துருமுங்க கண்ணு" என்றேன். பாறு என்றால் என்ன என்று கேட்டாள். பிணந்தின்னிக் கழுகு என்றதும் முகத்தைச் சுளித்தாள்.

சோமனூர்ப் பக்கத்திலும் எல்லோரும் இப்படித்தான் சுளித்தார்கள். அறுபதுகளில் அங்கே நான் டீச்சர். மில் முதலாளி ஒருவருடைய சின்ன வீட்டில் குடியிருந்தேன். சிரிக்காதீர்கள், அளவில்தான் சின்னது. அடுப்படி ஜன்னலுக்கு நேரே, நொய்யல் கரையில் உயரமான நீர்மருது. அதன் உச்சியில் ஒரு பாறு ஜோடி வருடா வருடம் கூடு கட்டும். கார்த்திகையில் குச்சியும் பச்சை இலையுமாகக் கொண்டுவந்து சேர்க்கும், பிறகு மாற்றி மாற்றி அடைகாக்கும். நான் பார்த்த வருடங்களில் எல்லாம் ஒரே ஒரு குஞ்சுதான். அது பறக்கச் சித்திரை ஆகிவிடும். ஊரே கரித்துக்கொட்டியதால்தான் எனக்கு அவற்றைப் பிடித்துப்போனதோ என்னவோ, சின்ன வயதிலிருந்தே எனக்கு வீம்பு அதிகம்.

ஒரு மாசி மாதம் முதலாளி வந்தார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"சம்பந்தி ஊட்டுக்காரங்க வர்ற நேரத்துல தலைக்கு மேல பொணந்தின்னி சுத்துனா நல்லாவாங்க இருக்கும்? மரத்த வெட்டிப்போடலாம்னு இருக்கறனுங்க."

"மேல குஞ்சு இருக்குதுங்க. சித்திரை வரைக்கும் பொறுத்துக்கங்க."

"அதுக்கென்னங்க அம்மணி, நீங்க சொன்னாச் சரிங்க."

நம்பினேன். போத்தனூரில் பிறந்து வளர்ந்தவள் நான். மரியாதைக்குச் சொல்கிற 'சரிங்க' எது, மனசார வருகிற 'சரிங்க' எது என்று எனக்கா தெரியாது? அன்றைக்குத் தெரியவில்லை. அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது ஜன்னலில் வெறும் வானம். குஞ்சை நாய்கள் இழுத்துக்கொண்டு போய்விட்டதாக மரம் வெட்டியவர்கள் சொன்னார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். மரம் வெட்டினால் அக்கம்பக்கத்துக்கு விறகு கொடுத்தனுப்புவது அங்கே வழக்கம். சாயங்காலம் என் வாசலில் வண்டி வந்து நின்றது. "மொதலாளி குடுத்துட்டு வரச் சொன்னாருங்க" என்றார் வண்டிக்காரர். அப்படியே திருப்பி அவர் வாசலில் கொட்டச் சொன்னேன்.

முதலாளி சிரித்துக்கொண்டே வந்தார். "ஏனுங்க டீச்சரம்மா, ஒரு நாத்தம் புடிச்ச பறவைக்குப் போயி இத்தனை கோவமுங்களா?"

"உங்க புள்ள கல்யாணத்துக்கு அதோட புள்ளையக் கொல்லோணுமுங்களா?"

அப்போதும் அவர் சிரிப்பு மாறவில்லை. "நீங்க படிச்சவங்க, நாங்க என்னங்க சொல்றது" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு இன்னும் எரிகிறது. அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. செத்துப்போனதற்காக ஒருவரை மன்னித்துவிட வேண்டுமா என்ன?

வேறு வீடு கிடைக்கிறவரை அங்கேயே இருந்து தொலைத்தேன். கார்த்திகையில் அந்த ஜோடி திரும்பி வந்தது. ஒன்றின் அலகில் இலையோடு ஒரு பச்சைக் குச்சி. மரம் நின்ற இடத்துக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்தன. பொழுது சாய்கிற வரைக்கும் அது அந்தக் குச்சியைக் கீழே போடவே இல்லை.