நான்காவது சக்கரம்

காரைக்குடியிலிருந்து கோவிலூர் போகும் சாலையில் அப்பா இரும்பு வார்க்கும் பட்டறை வைத்திருந்தார். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. உலை மூட்டிய நாளில் அம்மா தும்முவதற்குக்கூட யோசிப்பார். அப்பாவின் கோபமும் உலையோடு சேர்ந்தே மூளும்.

அறுபதுகளின் கடைசியில், எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, ஒரு கோயிலின் சின்னத் தேருக்கு நான்கு இரும்புச் சக்கரங்கள் செய்யும் வேலை வந்தது. மூன்று நன்றாக அமைந்தன. நான்காவது மட்டும் ஆறும்போது இரண்டு தடவை வெடித்துவிட்டது. இன்னொரு தடவை வெடித்தால் வேலையை வெளியூருக்குக் கொடுத்துவிடுவோம் என்று கோயில்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அப்பா நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் தடவை வார்த்த அன்று காலை, இரும்பு உருகிக்கொண்டிருக்கும்போது, பெரியப்பாவின் ஊரான கீழச்சிவல்பட்டியிலிருந்து ஓர் ஆள் சைக்கிளில் வந்தார். துக்கம் சொல்ல வருகிறவர்களின் வழக்கப்படி வீட்டுக்குள் வராமல் வேம்படியிலேயே நின்றுகொண்டார். பெரியப்பா விடியற்காலையில் இறந்துவிட்டாராம். மதியத்துக்குள் எடுத்துவிடுவார்களாம். தகப்பன் இல்லாத அப்பாவை வளர்த்து ஆளாக்கியவர் அந்த அண்ணன்தான்.

அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நின்றார். சாவு காதில் விழுந்த நொடியிலிருந்து பங்காளிக்குத் தீட்டு. தீட்டுக்காரர் கைபட்ட சக்கரத்தைத் தேரில் பூட்ட மாட்டார்கள். வேலையைப் பாதியில் நிறுத்தினாலோ இரும்பு உலைக்குள்ளேயே உறைந்துபோகும். அம்மா அந்த ஆளை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு என்னைப் பட்டறைக்கு அனுப்பினார்.

“ஊத்தி முடிஞ்சதும் அப்பாவைக் கையோட கூட்டிட்டு வா. அதுக்கு முன்னாடி வாயைத் திறக்காத. எதையும் தொட்டுறாத.”

நான் பட்டறை வாசலில் போய் நின்றேன். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு என் தலைக்கு மேலே வேம்படியைப் பார்த்தார்.

“யாரும்மா அது?”

“வழி கேட்டு வந்தவுகப்பா.”

எனக்குப் பொய் சொல்ல வராது. அன்று எப்படியோ வந்துவிட்டது என்று உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

எப்போதும் உலையைக் கும்பிட்டுவிட்டு, உருகிய இரும்பை முதல் வாளி சாய்ப்பது அப்பாதான். வேறு யாரையும் விட மாட்டார். அன்று பின்னால் நகர்ந்து வாசலோரம் வந்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“மேஸ்திரி, மொத வாளியை நீயே சாய்ச்சுரு” என்றார்.

மேஸ்திரி திகைத்துப்போனார். இரண்டு தடவை வெடித்ததில் அப்பாவுக்குப் பயம் வந்துவிட்டது என்று நினைத்தேன். கடைசி வாளி வரை அவர் வாயால்தான் வேலை வாங்கினார். குரல் மட்டும் கம்மிப்போயிருந்தது.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா அப்பாவின் காலில் விழுந்து சொன்னார். அப்பா ஒன்றும் கேட்காமல் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். திருப்பத்தூர் பஸ்ஸைப் பிடித்து நாங்கள் போய்ச் சேரும்போது சிதை பாதி எரிந்திருந்தது.

சக்கரம் வெடிக்கவில்லை. அம்மாவுக்குத்தான் ஆறவில்லை. ஒவ்வொரு வருஷமும் பெரியப்பா திதிக்கு இலை போடும்போது, “கூடப்பொறந்தவுக மொகத்தைப் பாக்கவிடாமப் பண்ணிட்ட பாவி நான்” என்று அழுவார். அப்பா தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அந்த மௌனம் அம்மாவின் மேலுள்ள வருத்தம் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அதை மாற்றாமலே அவர் போய்ச் சேர்ந்தார்.

அம்மா இறந்த ஐந்தாம் நாள், பக்கத்து வீட்டுச் சின்னப் பெண் கோயில் விபூதித் தட்டை என்னிடம் நீட்டியது. பாவம், விவரம் தெரியாத வயது. தீட்டு தட்டில் பட்டுவிடக் கூடாதே என்று என் கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன.

அப்படியே நின்றுவிட்டேன். வேம்படியில் நின்ற ஆளைப் பார்த்தபோதே அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. அண்ணன் முகமா, சக்கரமா என்று முடிவெடுத்தது அவர்தான். அப்பாமேல் எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் போகவில்லை. ஓடிப்போய்ச் சொல்லலாம் என்றால், அம்மா போய் ஐந்து நாளாகியிருந்தது.