கிராணி படிக்காத சொல்

எங்கள் தோட்டத்து "ஆபீசு"க்குள் நுழைந்தாலே முத்திரை மையின் வாசம் மூக்கில் ஏறும். எண்பதுகளில் மலேசியாவின் கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களில் ஆங்கிலக் கடிதம் எது வந்தாலும் அங்கே கணக்கெழுதும் கிராணியிடம் கொண்டுபோய்த்தான் படிக்கச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரரான அவர் பாதியைப் படித்து மீதியை விழுங்கிவிடுவார் என்று லயத்து வீடுகளில் எல்லோருக்கும் சந்தேகம். எனக்கு இன்னும் அதிகம். ஆறாம் வகுப்பில் ஆங்கிலத்தில் முதல் மாணவி என்ற கர்வம் வேறு.

சுங்கை பெசாரில் "லோரி"யில் வேலை பார்த்த அண்ணன் செல்வத்தின் முதலாளியிடமிருந்து ஒரு காலையில் ஆள் வந்து கடிதம் கொடுத்துவிட்டுப் போனான். கிராணி படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"லோரி தலைகீழாப் பிரண்டு தம்பிக்குக் கடுமையான காயமாம். தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரியிலயாம். உடன வெளிக்கிடுங்கோ."

"பேச்சு மூச்சு இருக்காங்கய்யா?" என்றார் அம்மா.

"போய்ப் பாருங்கோவன்."

அவர் கண்ணைத் தாழ்த்திய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கடிதத்தை மடிப்பதற்குள் எட்டிப் பார்த்துவிட்டேன்: 'ஃபேட்டலி இஞ்சர்ட்'. இரண்டாவது சொல் காயம், தெரியும். முதல் சொல்லைப் படித்ததில்லை.

வீட்டில் அம்மா அண்ணனுக்குக் கஞ்சி காய்ச்சித் தூக்கில் ஊற்றிக்கொண்டிருந்தபோது, பள்ளியில் பரிசாகக் கிடைத்த அகராதியைப் புரட்டினேன். 'உயிர் போகும்படியாக' என்றிருந்தது. கீழே எடுத்துக்காட்டாக ஒரு வாக்கியம். காயத்துக்கு முன்னால் இந்தச் சொல் வந்தால் ஆள் பிழைக்கவில்லை என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. சாவை நேராகச் சொல்லாமல், "சீரியசு" என்று சொல்லி உறவுகளைக் கிளப்பிவிடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். கிராணியும் அதைத்தான் செய்திருந்தார்.

பஸ்ஸில் தூக்கு சிந்தாமல் மடியில் பிடித்துக்கொண்டு அம்மா என்னையே பார்த்தார்.

"நீ எட்டிப் பாத்தியே, என்னடி எழுதியிருந்துச்சு? அந்தாளு எதையோ மறைக்கிறான்."

வெளியே ஓடிய வயல்கள் முடிந்து ஆஸ்பத்திரி வர இன்னும் அரை மணி நேரமாவது இருந்தது. அதுவரைக்குமாவது அவருக்கு மகன் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

"அவரு சொன்னதுதாம்மா."

இன்று அந்த ஆபீஸ் இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. கடிதம் படித்துச் சொல்ல யாரும் யாருக்கும் தேவையில்லை. சாவுச் செய்தி நேராகக் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. அம்மா கண்மூடும்வரை, "கஞ்சி காய்ச்ச வச்சிட்டான் பாவி" என்று கிராணியைத் திட்டிக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஆமாம் என்று தலையாட்டினேன்.