மாரென் மொன்றியலில் விட்டுப்போன பிள்ளை

2006 ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை, காலை ஏழரைக்கு, நானும் மனைவி லின்டாவும் ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்கு பஸ் ஏறினோம். லின்டா அமெரிக்காவில் பிறந்தவள். அவளுடைய அம்மாவின் அம்மம்மா மாரென், டென்மார்க்கிலிருந்து கப்பலில் வந்து, ஊர் என்று ஒன்று உருவாகும் முன்பே அமெரிக்காவின் டகோட்டாப் புல்வெளியில் குடியேறியவர். அவருடைய மூத்த மகள் கியர்ஸ்டன் கப்பலிலேயே இறந்துவிட்டாள் என்றுதான் குடும்பத்தில் எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

அந்த வருடம், மாரென் டென்மார்க்கிலிருந்த தங்கைக்கு எழுதிய கடிதம் ஒன்று எங்கள் கைக்கு வந்தது. மொன்றியலில் இறங்கியபோது நான்கு வயதுக் கியர்ஸ்டனுக்குக் கடும் காய்ச்சலாம். கன்னியாஸ்திரிகளிடம் அவளை விட்டுவிட்டு, கைக்குழந்தையோடு மேற்கே ரயில் ஏறினாராம். இரண்டு அறுவடை கழித்துத் தேடி வந்தபோது ஒரு புதைகுழியைக் காட்டினார்களாம். லின்டா இதை இணையத்தில் எழுதிக் கேட்டாள். மொன்றியலின் லாசால் பகுதியில் இருக்கும் ஜானெட் என்ற எண்பத்தொரு வயது அம்மாவின் மகள் பதில் போட்டார். ஜானெட்டின் அம்மம்மாவும் கன்னியாஸ்திரிகள் வளர்த்த டேனிஷ் பிள்ளைதானாம். பெயர் மட்டும் வேறு, மரீ.

540 கிலோமீற்றர், ஆறு மணித்தியாலம். பஸ் நிலையத்தில் ஏறிய டாக்சியின் சாரதி யாழ்ப்பாணத்தவர், அருள். மொழிபெயர்க்க வருவதாகச் சொன்ன ஜானெட்டின் மகளுக்குத் திடீரென்று வேலை. ஜானெட்டுக்குப் பிரெஞ்சு மட்டுமே தெரியும். வழியில் இதைச் சொன்னதும், “நான் வந்து கதைக்கிறன் அண்ணை,” என்றார் அருள். பதினான்கு கிலோமீற்றருக்கு 28 டொலர் ஆனது. ஜானெட் வீட்டில் எங்களோடு இருந்த நேரத்துக்கு அவர் எதுவும் வாங்கவில்லை.

ஜானெட் பேசியதை அருள் தமிழில் சொல்ல, நான் லின்டாவுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லச் சொல்லக் குழப்பம் கூடியது.

“மரீயைக் கன்னியாஸ்திரிகளிட்டைக் குடுக்கேக்கை ரெண்டு வயசு கூட இல்லையாம். தாய் கப்பலிலை செத்திட்டா எண்டு அவை சொன்னவையாம்,” என்றார் அருள்.

அப்படியென்றால் இவள் கியர்ஸ்டன் இல்லையா? காட்டிய புதைகுழி யாருடையது? கன்னியாஸ்திரிகள் வயதை மாற்றி எழுதினார்களா, மாரென் கடிதத்தில் எதையாவது மறைத்தாரா?

ஜானெட் மெதுவாக ஏதோ கேட்டார்.

“உங்கடை மாரென் திரும்பி வந்தவவோ எண்டு கேக்கிறா. மரீ சாகுமட்டும், தாய் செத்திருக்க மாட்டா, ஆனா வரேல்லை எண்டுதான் சொல்லிக்கொண்டிருந்தவவாம்.”

“வந்தார்,” என்றாள் லின்டா. “ஆனால் வயது பொருந்தவில்லை. அதையும் சொல்லச் சொல்லுங்கள்.”

அருள் தயங்கி என்னைப் பார்த்தார். பிறகு இரண்டையும் சொன்னார். ஜானெட் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு ஒரு வரி சொன்னார்.

“அப்ப ஆரோ ஒரு தாய் தேடி வந்திருக்கிறா. அது போதும் எண்டு சொல்லுறா.”

இப்படித் தேடிப் போகிறவர்களுக்கு: அந்தக் கால டேனிஷ் ஆட்கள் பலருக்குத் தகப்பன் பெயர்தான் கடைசிப் பெயர், நம்முடைய முதலெழுத்து மாதிரி. தகப்பன் பெயர், கணவன் பெயர், இங்கே மாற்றி வைத்த பெயர் என்று ஒரே ஆளை மூன்று பெயரில் தேடுங்கள். பிரெஞ்சு தெரிந்த ஒருவரை முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். எல்லோருக்கும் அருள் கிடைக்கமாட்டார்.

மரபணுப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடுமே என்கிறார்கள் நண்பர்கள். லின்டா இன்னும் முடிவு செய்யவில்லை. நத்தாருக்கு ஜானெட்டிடமிருந்து கிறிஸ்மஸ் அட்டை வந்தது. கையெழுத்துக்கு மேலே, “உன் சொந்தக்காரி” என்று பிரெஞ்சில் எழுதியிருந்தார். அகராதியில் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்துவிட்டு, லின்டாவும் அதையே எழுதிப் பதில் அனுப்பினாள்.