மூன்றாவது மின்கம்பம்

தேனியில் டயாலிசிஸ் (பழுதான சிறுநீரகத்துக்குப் பதிலாக இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்வது) அறைக்கு வெளியே உட்கார்ந்து உட்கார்ந்துதான் எனக்கு உடம்பு போட்டது. வாரம் இரண்டு நாள் உள்ளே என் கணவர். வெளியே நானும் ஒரு வடைப் பொட்டலமும்.

அவருக்குச் சிறுநீரகம் கொடுக்க இரண்டு பேர்தான் இருந்தோம். அவருடைய தங்கைக்குச் சர்க்கரை, ஆகாது என்றுவிட்டார்கள். எனக்குப் பொருந்தியது. ஆனால் டாக்டரம்மா, "பத்து கிலோ குறைங்க. சர்க்கரையும் எல்லையில நிக்குது. இப்படியே எடுத்தா உங்களுக்கும் ஆபத்து" என்றார்.

அழுகை வரவில்லை, அலுப்புதான் வந்தது. சமையல், பஸ், ஆஸ்பத்திரி போக எனக்கு மிஞ்சுவது காலையில் கால் மணி நேரம். அதைச் சொன்னேன்.

"அது போதும். சைக்கிள் இருக்கா?"

மகள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய இலவச சைக்கிள் இருந்தது. எங்கள் ஊர் சின்னமனூரிலிருந்து மார்க்கையன்கோட்டை போகும் சாலையில், டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்தது வரை மூச்சு முட்ட மிதிப்பேன். அடுத்த இரண்டு கம்பம் மெதுவாக. மறுபடியும் வேகம். கால் நடுங்க வீடு திரும்பி உலை வைப்பேன்.

வழியில் நாத்தனாரின் திராட்சைத் தோட்டம். தினமும் வாசலில் நிற்பாள். "அண்ணனுக்காகக் கெடந்து மிதிக்கிறீக மதினி, வெறும் வாயோட போகாதீக" என்று கொத்தாக வெட்டித் தருவாள். கொடுக்க முடியாத சிறுநீரகத்துக்குப் பதில்தான் பழம் கொடுக்கிறாள் என்று எனக்குத் தெரியும். மறுக்க மனம் வரவில்லை. எங்கள் பக்கம் திராட்சை வருஷம் முழுக்கக் காய்க்கிற சாமான் வேறு.

மாதக் கடைசியில் எடை அரைக் கிலோ கூடியிருந்தது. சர்க்கரையும் ஏறியிருந்தது.

"மிதிச்சு முடிச்சதும் என்ன சாப்பிடுறீங்க?"

"பழம்தான் டாக்டர். வீட்டுக்காரவுகளுக்குப் பழம் அளந்துதான் குடுக்கணும்னு சொல்லியிருக்கீக. வீட்டுக்குக் கொண்டுபோனா கண்ணுல படும்னு அங்கனயே நின்னு நானே தின்னுருவேன்."

"எவ்வளவு?"

இரண்டு கையையும் சேர்த்துக் காட்டினேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

திரும்பும் பஸ்ஸில் கணவர், "விடு. இன்னும் ஒரு மாசம் மெஷின்லயே ஓட்டிர்றேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று அவர் மேலேயே கோபம் வந்தது. அது அவருடைய மாதம். அதை நான் தின்றிருந்தேன்.

மறுநாள் சைக்கிளை எதிர்ப்பக்கம் திருப்பினேன். நாத்தனாரிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். "தெரியாமக் குடுத்துட்டேன் மதினி" என்று அழுதாள். நானும் தெரியாமல்தான் தின்றேன் என்றேன்.

அதன்பின் ஏழு மாதத்தில் பத்து கிலோவும் குறைந்தது. சில நாள் கம்பத்தைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கும். இந்தக் கொஞ்ச நேரம் போதுமா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: எனக்குப் போதுமாக இருந்தது, சைக்கிளைவிட்டு இறங்கிய பிறகு வாயைக் கட்டியபோது. உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறுவைச் சிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகிறது. விலாவுக்குக் கீழே தழும்பு குளிருக்கு இழுக்கிறது. இளைத்த உடம்பு இன்னும் யாருடையதோ போல இருக்கிறது. அலுப்பு மட்டும் பழைய அலுப்புதான்.

அதற்கு முந்தைய இரண்டு வருஷம் அவருக்குச் சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் போனது. இப்போது விடியற்காலையில் அவர் எழுந்து போவார். நான் படுத்தபடியே அந்தச் சத்தத்தைக் கேட்பேன். கம்பங்களை எண்ணிய பழக்கம் போகவில்லை; ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறேன். சத்தம் நிற்காமல் விழுந்துகொண்டிருக்கிறது. என் உடம்பில் ஒரு பாதி அங்கே எனக்கு முன்னால் எழுந்து வேலையைத் தொடங்கிவிட்டது.