இரண்டு முடிச்சை யார் போடுவது

எனக்கு எழுபத்திரண்டு வயதாகிறது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன், ஒன்றும் சோடையில்லை. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு முடிந்தது. ஆகவே நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். நேற்று அவள் சிநேகிதிகளோடு கூடத்தில் உட்கார்ந்து, ஆணாய்ப் பிறந்து பெண்ணாய் வாழ்கிறவர்களை எந்தச் சொல்லால் அழைப்பது மரியாதை என்று சாயா ஆறிப்போகும்வரை வாதாடினாள். இந்த வழக்கு மலையாளக் கரையிலிருக்கும் எங்கள் மட்டாஞ்சேரிக்குப் புதிது என்று அவளுக்கு நினைப்பு. எங்கள் வீட்டில் அது ஒரு கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தது.

அப்போது எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். சித்தப்பாவுக்குக் கல்யாணம். எங்கள் வழக்கப்படி தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார். மற்ற இரண்டையும் அவருடைய அக்காவோ தங்கையோ, அதாவது பெண்ணுக்கு நாத்தனார், போடவேண்டும். தாத்தாவுக்குப் பிறந்த மூன்றும் ஆண் என்பது ஊர்க் கணக்கு. மூத்தவர் அப்பா, கடைசி சித்தப்பா. நடுவில் பிறந்தவள் மீசை முளைக்கிற வயதில் வீட்டை விட்டுப் போய்ப் புடவை கட்டிக்கொண்டாள். எனக்கு அத்தை. ஊர் அவளுக்கு வைத்த பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று பேத்தியிடம் சொல்லிவிட்டேன். வீட்டிலோ என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கூப்பிடாமலே இருந்துவிட்டார்கள்.

"எனக்குக் கூடப் பிறந்தவ இருக்கா. அவதான் முடிச்சுப் போடணும்," என்று சித்தப்பா ஒற்றைக் காலில் நின்றார். தாத்தா பட்டினி கிடந்து பார்த்தார், பசித்ததும் சம்மதித்தார்.

அத்தை இரண்டு சிநேகிதிகளோடு படகில் வந்து இறங்கினாள். ஒருத்தி பம்பாயில் இருந்த நெட்டை. மற்றவள் மதுரைப் பக்கத்துக் குட்டை. கல்யாணம் அப்பாவின் சுக்குப் பண்டகசாலையில். ஓரமாக அடுக்கிய மூட்டைகளுக்குப் பின்னால் மூவரும் பூத்தொடுத்துக்கொண்டே சண்டை போட்டார்கள்.

"நாம ஆணுமில்லே பொண்ணுமில்லேடி, தனிச் சாதி. பம்பாயிலே ஹிஜடான்னு தலையை நிமுத்திச் சொல்லுவோம்," என்றாள் நெட்டை.

"தனிச் சாதியா நீ இரு. நான் பொம்பளை, அவ்வளவுதான்," என்றாள் அத்தை.

"எனக்கு ஒரு பேரும் வேண்டாம்," என்றாள் குட்டை. "பேர் வெச்சா, கூப்பிட்டு வெச்சுத் திட்டறதுக்குத்தான் தோது."

முகூர்த்தம் நெருங்கியது. தாத்தாவின் அக்காவான பெரியபாட்டி அத்தையை ஏற இறங்கப் பார்த்தாள். "பொம்பளைன்னா ஒரு லட்சணம் வேண்டாமா?"

அத்தைக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "நானும் தாலி கட்டிக்கிட்டவதான்! கூத்தாண்டவர் கோயில்லே, அரவான் சாமி பேருக்கு."

"அப்போ தாலி எங்கே?"

குட்டைக்குப் பொய் சொல்ல வராது. "அது மறுநாளே அறுத்துடுவோம் பாட்டி. சாமியைப் பலி குடுத்துடுவாங்கல்ல?"

பெரியபாட்டியின் முகம் மலர்ந்தது. அதுவரை பெண்ணே இல்லை என்று தள்ளப் பார்த்தவள், ஒரே நொடியில் அத்தையை முழுப் பெண்ணாக ஏற்றுக்கொண்டாள். "தாலியறுத்தவ! இவ கைபட்டா அந்தப் பொண்ணு என்னத்துக்காகும்?"

நெட்டை சும்மா இருப்பாளா? "பொம்பளைன்னு கேட்டு வாங்கினியே, இந்தா, அதோட வந்த சீதனம்!"

அத்தை தன் பெட்டியைத் தூக்கினாள். இப்போது படகேறினால் இனி ஜன்மத்துக்கும் இந்த வாசலை மிதிக்கமாட்டாள் என்று அம்மா கையைப் பிசைந்தாள். மணவறையில் சித்தப்பா எழுந்து நின்றுவிட்டார். "நேரம் தப்புது!" என்று ஐயர் கத்தினார்.

வாசல்வரை போன அத்தை திரும்பி வந்து பெட்டியைத் தொப்பென்று கீழே வைத்தாள்.

"என் புருஷன் வருஷா வருஷம் சித்திரையிலே எழுந்து வந்து திரும்பத் தாலி கட்டறான். இங்கே இருக்கிற எந்தச் சுமங்கலிக்காவது அந்த உத்தரவாதம் உண்டா? உண்டுன்னா சொல்லுங்க, நான் போறேன்."

சுமங்கலிகள் எல்லாரும் அவரவர் தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். குனிந்த தலையை நிமிர்த்தாமலே மணப்பெண் சொன்னாள்: "அவங்களே போடட்டும். எனக்கும் அப்படித் திரும்பித் திரும்பி வர்ற புருஷன்தான் வேணும்."

பண்டகசாலை சிரிப்பில் அதிர்ந்தது. பெரியபாட்டி பதில் சொல்ல வாயெடுத்தாள். சுக்குத் தூசி ஏறி, அடுத்தடுத்து இரண்டு தும்மல்தான் வந்தது. "இரட்டைத் தும்மல், நல்ல சகுனம்! கெட்டிமேளம்!" என்று ஐயர் வழக்கை முடித்துவைத்தார்.

அத்தை இரண்டு முடிச்சையும் போட்டாள். போட்ட பிறகும் கையை எடுக்கவில்லை.

"விடுக்கா, போதும். கழுத்து இறுகிடப்போறது," என்றார் சித்தப்பா, ஊர் கேட்க.

மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்ற நெட்டையும் குட்டையும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினார்கள். வாதத்தில் அத்தை ஜெயித்துவிட்டாள், இவர்கள் தோற்றுவிட்டார்கள், அதனால் அழுகிறார்கள் என்று நான் நினைத்தேன். நெட்டையின் கையைப் பிடித்து, "பரவாயில்லை, பாயசம் இருக்கு," என்று தேற்றினேன். அவள் என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இன்னும் பலமாக அழுதாள். அக்கா என்று கூப்பிட அவளுக்கும் எங்கோ ஒரு தம்பி இருந்திருப்பான் என்பது அந்த வயதில் எனக்கு எட்டவில்லை.

போதும் மோளே. இனி முதலிலிருந்து உரக்க வாசி. நான் அத்தை என்று சொன்ன இடத்திலெல்லாம் அத்தை என்றே எழுதினாயா, கேட்கிறேன்.