பாதி வயலுக்குத்தான் தண்ணீர்

பர்மா அரிசி வராமல் போன சண்டைக் காலத்தில் நான் சர்க்கார் பாசன ஆபீசில் குமாஸ்தா. குற்றாலத்து மழைமானியில் சேர்ந்த தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி அளப்பதும், தென்காசிக்குக் கிழக்கே எங்கள் ஊர்க் குளத்து அளவுகல்லில் நீர்மட்டம் பார்ப்பதும் என் வேலை. அளவை மேலே அனுப்பினால் போதும் என்பது உத்தரவு. ஊராருக்கு அங்குலக் கணக்கு எதற்கு? நாற்றை நடலாமா, கூடாதா என்றுதான் என்னைக் கேட்பார்கள்.

அந்த வருஷம் ஆனியில் சாரல் இருந்தது, மெலிந்திருந்தது. அருவியில் ஆட்கள் குளித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் குளமும் நிறைந்துவிடும் என்று நாற்றுப் பாவிவிட்டார்கள். ஆனால் மழைமானியில் சேர்வது குறைந்துகொண்டே வந்தது. சிற்றாற்றிலிருந்து கால்வாயில் வந்ததை வழியிலேயே மணல் குடித்தது. முந்தைய வருஷங்களோடு வைத்துப் பார்த்தால் எனக்குக் கிடைத்தது ஒரே விடை. எல்லா வயலிலும் நட்டால் கதிர் வாங்கும் சமயத்தில் குளம் வறண்டுவிடும். பாதியில் மட்டும் நட்டால் அறுக்கலாம்.

யாருடைய பாதி என்பதுதான் என்னை உறங்கவிடவில்லை. இருக்கும் தண்ணீர் வீணாகாமல் பாய்வது மடைக்குப் பக்கத்து வயல்களுக்குத்தான்; அவற்றில் பெரும்பங்கு என் அண்ணனுடைய பொறுப்பில் இருந்தது. அப்பா போனபின் என்னைப் படிக்கவைத்தவர் அவர். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுப்பு.

குளக்கரையில் ஊர் கூடியபோது கணக்கைச் சொன்னேன். தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடையில் குத்தகைக்கு நடும் ஒருத்தி எழுந்தாள். ரங்கூனுக்குப் போன புருஷனைப் பற்றி ஒரு தகவலும் இல்லாமல் பிள்ளைகளோடு இருந்தவள்.

“நீங்க சொல்லுதது சரியாவே இருக்கட்டும் அண்ணாச்சி. நாங்க நடலைன்னா எதைத் திங்க? இந்த ஒரு பூ விளைச்சலுக்கு மட்டும் மடைப்பக்கத்துல எங்களுக்கும் ஆளுக்கொரு துண்டு விடச் சொல்லுங்க.”

அண்ணன் என்னைப் பார்த்தார். “நம்ம வயலுக்குத் தண்ணி போதும்லா? அத்தோட நிறுத்திக்கோலே.”

ஆனாலும் சொன்னேன். “தண்ணி ஊர்க்குளத்துக்கு வந்தது, அண்ணே. அவங்களுக்கும் விடணும்.”

வெகுநேரம் தர்க்கம் நடந்தது. இடம் கிடைக்காவிட்டால் கடைமடையிலேயே நட்டுத் தண்ணீர் கேட்போம் என்றார்கள் கடைமடைக்காரர்கள். அப்படியானால் ஒருவருக்கும் விளையாது என்று நான் விளக்கிய பிறகு மடைப்பக்கத்துக்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கிவந்தார்கள். அண்ணன் கடைசியாகத் தலையசைத்தார். என்னை விட்டுவிட்டுத் தனியே வீட்டுக்கு நடந்தார்.

ஆடியில் சாரல் அடியோடு நின்றது. கடைசித் தண்ணீர் சேறும் கலங்கலுமாக வயலுக்கு வந்தது. விளைச்சல் மெலிவுதான், ஆனாலும் அறுத்தோம். அந்தப் பெண்ணும் தன் துண்டை அறுத்துக் களத்துக்குக் கொண்டுவந்தாள். எல்லாவற்றிலும் நட்ட பக்கத்து ஊரில் கருகிய பயிரில் மாட்டை விட்டார்கள்.

என் கணக்கு பலித்தது அண்ணன் மனசை இன்னும் இறுக்கியது. “நீ சர்க்கார் ஆளு. உனக்கு ஊரு பெருசு. தனியா இருந்துக்கோ” என்றார். மதினி கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். நானும் என் மனைவியும் தென்காசியில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம்.

அடுத்த வருஷம் மழைமானி நிரம்பி வழிந்தது. இந்த முறை எல்லா வயலிலும் தாராளமாக நடலாம் என்று அண்ணனுக்கு ஆளிடம் சொல்லியனுப்பினேன். ஏற்கெனவே நட்டாயிற்று என்று பதில் வந்தது.